இணையத் தொலைபேசித் தொழில்: நெல்லையில் தொடங்குபவர்களுக்கு

இணையத் தொலைபேசித் தொழில் தொடங்க ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, "நிமிடத்துக்கு எத்தனை பைசா மிஞ்சும்?" என்பதுதான். உள்நாட்டு அழைப்பில் இன்று ஒன்றும் மிஞ்சாது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சந்தைக்கு வந்தபோது குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வரவேண்டியதாயிற்று. ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொரு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு வாங்கிவந்த இணைப்புக் கட்டணமும் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். துபாயில் இருக்கும் மகனோடு பேசக் கட்டண அட்டை வாங்குவாரும் இல்லை. ஆக, நிமிடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் வியாபாரத்துக்கு இந்த ஊரில் இனி இடமில்லை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

நிமிடம் விற்றே உயர்ந்த தமிழர்கள் உண்டு. 2001இல் லெபாராவைத் தொடங்கிய லியோன், பாஸ்கரன், ரதீசன் ஆகிய மூவரும் இலங்கைத் தமிழர்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் நிறுவனத்துக்கே பெயர் வைத்தார்கள். தொலைபேசி அட்டை விற்பனையில் தொடங்கி மொபைல் சேவைக்குப் போனார்கள். 2006இல் லைகாமொபைலைத் தொடங்கிய அல்லிராஜா சுபாஸ்கரனும் அட்டை வியாபாரத்திலிருந்து வந்தவர்தான். ஐரோப்பாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ பேசப் பெரிய நிறுவனங்கள் வாங்கிய கட்டணத்துக்கும், அந்த அழைப்பைக் கொண்டுசேர்க்க உண்மையில் ஆகும் செலவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. புலம்பெயர்ந்த மக்களின் தேவை அறிந்து அந்த இடைவெளியில் தொழில் கட்டினார்கள். நெல்லையிலும் இன்று ஓர் இடைவெளி இருக்கிறது. கட்டணத்தில் அல்ல, யாரும் எடுக்காமல் போகும் அழைப்பில்.

பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு நடுத்தர மருத்துவமனையின் வரவேற்பு மேசை அருகே காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உட்கார்ந்து பாருங்கள். மேசையில் ஒரு தரைவழித் தொலைபேசி, இரண்டு சாதாரண மொபைல், ஒரு நீள நோட்டு. வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு மொபைலைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு டோக்கன் எண் எழுதுவார். இன்னொரு மொபைல் மேசைமேல் அதிர்ந்துகொண்டே நகரும். எதிரே நிற்பவர் பில்லை நீட்டுவார். தரைவழித் தொலைபேசி அடித்து அடித்து ஓயும். அந்த அழைப்பு கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ, பஸ் ஏறுவதற்கு முன்னால் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்க வந்ததாக இருக்கலாம். யார் அழைத்தார், எத்தனை பேர் அழைத்தார்கள் என்று மருத்துவமனைக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலையிலும், டவுன் ரத வீதி ஜவுளிக் கடையிலும், தீபாவளிக்கு முந்தைய வாரம் அல்வாக் கடையிலும் இதே நிலைதான்.

நீங்கள் விற்க வேண்டியது இதற்கான தீர்வை. ஒரே எண், அந்த எண்ணுக்கு ஒரே நேரத்தில் எட்டுப் பேர் அழைத்தாலும் எட்டும் உள்ளே வரும், வரிசையில் நிற்கும், தவறியவை பட்டியலாக நிற்கும், மதியம் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திருப்பி அழைக்கலாம். தொழில்நுட்பப் பெயரில் சொன்னால் ஐபி பிபிஎக்ஸும் எஸ்ஐபி டிரங்கும். வாடிக்கையாளரிடம் இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டாம். "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை போன் எடுக்காம போகுது?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்பார். ஒரு வாரத்துக்கு அவர் எண்ணில் தவறிய அழைப்புகளைக் குறித்துக்கொடுங்கள். அந்தத் தாளே விற்றுவிடும். வேறு விளம்பரத் தாள் வேண்டாம்.

உரிமம்: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது

இந்த அத்தியாயத்தில் அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. கடை போட்டபின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் நடக்காது.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு முதல் அனுமதி 2002 ஏப்ரல் 1 அன்று, இணையச் சேவை நிறுவனங்களுக்கு, அதுவும் ஓர் எல்லைக்குள் கிடைத்தது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம்; கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம்; உள்நாட்டு எண்ணுக்கு இணைக்கக்கூடாது. 2018 ஜூன் 19 அன்று தொலைத்தொடர்புத் துறை அடுத்த கதவைத் திறந்தது. தொலைபேசிச் சேவைக்கான அணுகு உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள், யாருடைய இணைய இணைப்பின் மீதும், எண் கொடுத்து, எந்தத் தொலைபேசிக்கும் பேசும் சேவை தரலாம் என்றது. அந்த ஆண்டே பிஎஸ்என்எல் ஆண்டுக்கு 1,099 ரூபாயில் 'விங்ஸ்' என்ற சேவையைக் கொண்டுவந்தது.

இங்கே பலர் இடறுகிறார்கள். திருநெல்வேலி வட்டாரத்துக்கு மட்டும் 'சி' வகை இணையச் சேவை உரிமம் வாங்குவது எளிது. யூனிஃபைடு லைசென்ஸ் முறையில் அதன் நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய்தான். கேபிள் தொழிலில் இருந்து ஃபைபருக்கு மாறியவர்கள் சிலர் இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு 0462 எண்ணுக்கோ மொபைல் எண்ணுக்கோ அழைப்பை இணைக்க முடியாது. அதற்கு அணுகு உரிமம் வேண்டும். அதே முறையில் ஒரு வட்டத்துக்கு அதன் நுழைவுக் கட்டணம் 1 கோடி ரூபாய், நிகர மதிப்பு 2.5 கோடி இருக்க வேண்டும். அதற்குமேல் வருவாயில் 8 சதவீத உரிமக் கட்டணம், சட்டப்படியான ஒட்டுக்கேட்பு வசதி, அழைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்கும் கடமை எல்லாம் உண்டு. 2016இல் வந்த விஎன்ஓ உரிமம் நடுவழி: பெரிய நிறுவனத்தின் வலையமைப்பை வாங்கி உங்கள் பெயரில் சேவை தரலாம். சொந்தப் பெயரில் எண் கொடுக்கும் ஆசை இருந்தால், சில ஆண்டுகள் தொழில் நடத்தியபின் அந்தப் பக்கம் போகலாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் உரிமங்களை 'அங்கீகாரம்' என்ற புதிய முறைக்கு மாற்றிவருவதால், விண்ணப்பிக்கும் நாளில் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் இருக்கும் தொகையும் விதியுமே செல்லும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வழி வேறு. எண்ணும் டிரங்கும் வாடிக்கையாளர் பெயரில், உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து நேராக வரட்டும். பிஎஸ்என்எல், ஏர்டெல், டாடா டெலி, ஜியோ எதுவானாலும் சரி. நீங்கள் சாதனத்தைப் பொருத்துங்கள், அமைத்துக்கொடுங்கள், பராமரியுங்கள். அழைப்புக்கான பில்லை அந்த நிறுவனம் போடட்டும். உழைப்புக்கான பில்லை நீங்கள் போடுங்கள். இந்தக் கோட்டைத் தாண்டாதவரை நீங்கள் தொலைபேசி நிறுவனம் அல்ல, தொலைபேசி வேலை தெரிந்த ஒப்பந்தக்காரர். உங்கள் பெயரில் ஒரு டிரங்க் வாங்கி அதைப் பத்துக் கடைக்குப் பிரித்துக் கொடுத்து நிமிடக் கணக்கில் காசு வாங்கினால் அன்றே கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அங்கீகாரம் இல்லாமல் சேவை தருவதற்கு 2023 சட்டத்தின் 42ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர்ப் பக்கம் உள்ள இளைஞர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது; அனுமதி பெற்ற சில செயலிகளே ஓடும். அதனால் மலிவு அழைப்புக்கு எப்போதும் தேவை உண்டு, தேவை உள்ள இடத்துக்கு ஆள் தேடி ஒருவர் வருவார். "வீட்டு மாடியில் ஒரு பெட்டி வைத்துக்கொள், இணைய இணைப்பும் மின்சாரமும் கொடு, மாதாமாதம் வாடகை" என்பார். வரிசையாகச் சிம் செருகும் துளைகளும் முள்ளம்பன்றிபோல் ஆண்டெனாக்களும் உள்ள அந்தப் பெட்டிதான் சிம்பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பு இணையம் வழியாக அதற்குள் வந்து, உள்ளூர் சிம்மிலிருந்து உள்ளூர் அழைப்பாக வெளியே போகும். துபாயிலிருந்து பேசும் கணவரின் அழைப்பு மனைவியின் கைபேசியில் பத்து இலக்க இந்திய எண்ணாகத் தெரியும். அதே பெட்டி வழியாகத்தான் போலீஸ் என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் அழைப்பும் போகிறது. வழக்கு வந்தால் கிடைப்பது உங்கள் வீட்டு முகவரியும் உங்கள் இணைய இணைப்பும் மட்டுமே. பெட்டி கொடுத்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுகூடத் தெரியாது. எவ்வளவு வாடகை சொன்னாலும் தொடாதீர்கள். வீட்டில் தம்பி யாராவது தொட்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை

எத்தனை தடம் வேண்டும் என்பதை ஊகித்துச் சொல்லாதீர்கள், கணக்குப் போடுங்கள். நெரிசல் மணி நேரத்தில் 60 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றால் 180 நிமிடம், அதாவது 3 எர்லாங். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் 'பிஸி' கேட்கக்கூடாது என்றால் எர்லாங் அட்டவணைப்படி 8 தடம் போதும். முப்பது தடமுள்ள பிஆர்ஐ இணைப்பை அந்த மருத்துவமனையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அலைவரிசையும் பெரிய செலவில்லை. ஜி.711 குறிமுறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட் போகும். எட்டு அழைப்புக்கு 700 கிலோபிட் அளவுதான். ஜி.729 என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். 100 மெகாபிட் ஃபைபர் இருக்கிறதே, பிறகு ஏன் குரல் உடைகிறது என்று வாடிக்கையாளர் கேட்பார். குரலுக்கு வேகம் முக்கியமில்லை, ஒழுங்கு முக்கியம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள், தாமதத்தின் ஏற்ற இறக்கம் 30க்குள், தொலையும் பொட்டலம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்து உள்ளூர் ஃபைபர் இணைப்புகளைக் காலை பதினொரு மணிக்குச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். இரவு எட்டு மணிக்கு, ஊரே வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் நேரத்தில் சோதியுங்கள். இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் மருந்துக்கடைக்கு அந்தச் சோதனைதான் உண்மையானது.

அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: இந்தப் பக்கம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது இங்கே கேட்கவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் போனை மாற்றுவார், கம்பியை மாற்றுவார், நிறுவனத்தோடு சண்டை போடுவார். முதலில் ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்து அணையுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்தபடியாக, இணைய நிறுவனம் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் கீழ் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நிலையான முகவரி கேட்டு வாங்குங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் இன்றும் இலவசம். ஒரு சிறு கணினியில் ஓடும். அடிப்படை ஐபி போன் சுமார் 3,000 முதல் 5,000 ரூபாய். பிபிஎக்ஸ் பெட்டியாக வாங்கினால் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்று உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். பெட்டியே வேண்டாம், மேகத்தில் ஓடட்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோகோவிடமே 'ஸோகோ வாய்ஸ்' இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கான மென்பொருளோடு தொடங்கிய நிறுவனம் அது. சிற்றாற்றங்கரையில் இருந்துகொண்டு உலகத்துக்குத் தொலைபேசி மென்பொருள் தர முடிகிறது என்றால், அதைப் பொருத்தித்தர ஆள் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் இருவர் போதும்; ஆறு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. கடவுச்சொல் 1001, 1234 என்று விட்டுவைத்த பிபிஎக்ஸைத் தேடிப்பிடிக்க உலகமெங்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் அலைகின்றன. சனிக்கிழமை இரவு நுழைந்து, திங்கள் காலை கடை திறப்பதற்குள் வெளிநாட்டுச் சிறப்புக் கட்டண எண்களுக்கு இடைவிடாமல் அழைத்துத் தீர்ப்பார்கள். பில் உங்கள் வாடிக்கையாளருக்கு வரும். டிரங்க் எடுக்கும் அன்றே ஐஎஸ்டியை மூடச் சொல்லுங்கள். செலவுக்கு உச்சவரம்பு கேளுங்கள். 5060 வாசலை வெளி உலகுக்குத் திறந்துவைக்காதீர்கள். வெளியூர்க் கிளையை விபிஎன் வழியாக இணையுங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பழைய தாமிரக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் மின்கலம் உயிர் கொடுத்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடித்தது. ஐபி போன் அப்படியல்ல. ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும், நல்ல எர்த் வேண்டும். தென்காசிப் பக்கம் ஆடிக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறும். ஐப்பசி கார்த்திகை இடியில் போர்ட் எரியும். மாற்றுச் சாதனம் ஒரு செட் உங்கள் கையில் எப்போதும் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை கடந்து நெல்லைச் சந்திப்பு வரை வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. மின்சாரமும் மொபைல் கோபுரங்களும் செயலிழந்து, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியில்லாமல் கீழ்த்தாமிரபரணி ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அந்த நாளில் எந்த இணையத் தொலைபேசியும் ஏரலிலோ ஆழ்வார்திருநகரியிலோ உள்ள கடையை இயங்க வைத்திருக்காது. அப்படி ஒருவரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று செய்திருக்கலாம். எண்ணின் மூளை சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்தில் இருந்தால், கடை மூழ்கினாலும் எண் மூழ்காது. அழைப்பு தானாகவே மதுரையில் இருக்கும் உரிமையாளரின் மகன் கைபேசிக்குத் திரும்பும். மருத்துவமனைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இந்த மாற்றுவழியை அமைத்துத் தராமல் வேலையை முடித்ததாகக் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒருமுறை இணைப்பைப் பிடுங்கிவைத்துச் சோதியுங்கள். அவசர உதவி எண் 112க்கு அழைப்பு போகிறதா என்பதை டிரங்க் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதலோடு சரிபாருங்கள்.

அழைப்பவர் காதில் விழும் முதல் குரல் விஷயத்திலும் அக்கறை வேண்டும். பாபநாசத்திலிருந்து பட்டன் போனில் அழைக்கும் முதியவருக்கு, ஆங்கிலத்தில் தொடங்கி ஒன்பது எண் வரை நீளும் பட்டியல் எந்த வகையிலும் உதவாது. தமிழில் தொடங்குங்கள். மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம். எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் ஆளிடமே போய்ச் சேரட்டும். அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவரின் குரலிலேயே, நிதானமாகப் பதிவு செய்யுங்கள்.

பணமும் வாடிக்கையாளரும்

மாதம் 1,500 ரூபாய் பராமரிப்பு என்று 40 வாடிக்கையாளர் இருந்தால் 60,000 வரும். இரண்டு பையன்களின் சம்பளம், வண்டி, பெட்ரோல், மாற்றுச் சாதனம் போகக் கையில் நிற்பது குறைவுதான். பொருத்தும் வேலையில் வரும் லாபம்தான் முதல் இரண்டு ஆண்டும் தாங்கும். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதை விலை சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையம் வழியாக முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் இருக்கிறது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியமும் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. ஆனால் பத்து வாடிக்கையாளர் பிடிக்கும்வரை கடன் வாங்காதீர்கள். முதல் பத்துப் பேருக்கு ஒரு சிறு கணினியும் பத்துப் பதினைந்து போன்களும் உங்கள் கால்களும் போதும்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஜவுளிக் கடைக்காரர் கேட்பார்: "இந்த எண்ணிலிருந்தே ஐயாயிரம் பேருக்குப் பதிவு செய்த குரலில் போன் போகிற மாதிரி செய்து தாங்க தம்பி." மறுத்துவிடுங்கள். விளம்பர அழைப்புக்கு டிஎல்டி பதிவும் 140 வரிசை எண்ணும் வேண்டும். சாதாரண எண்ணிலிருந்து அனுப்பினால், 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் திருத்திய விதிப்படி முதல் தவறுக்கு வெளிச்செல்லும் அழைப்பு 15 நாள் முடக்கம். மீண்டும் நடந்தால் எல்லா நிறுவனங்களிலும் ஓராண்டுக்கு இணைப்புத் துண்டிப்பு, எஸ்ஐபி டிரங்க் உட்பட. அவருடைய கடை எண்ணையே இழந்துவிடுவார் என்று எடுத்துச் சொன்னால் அண்ணாச்சி புரிந்துகொள்வார்.

கால் சென்டர் வைத்திருப்பவர் யாரேனும் கேட்டால், 2020 நவம்பர் முதல் அவர்களுக்கு ஓஎஸ்பி (பிற சேவை வழங்குநர்) பதிவு தேவையில்லை என்று சொல்லலாம். மற்ற நிபந்தனைகளை அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

முதல் சாதனத்தை வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேவையில் அழைப்பு எங்கே நுழைகிறது, எந்த நிறுவனத்தின் டிரங்கில் போகிறது, பில் யார் பெயரில் வருகிறது என்பதை ஒரு தாளில் படமாக வரையுங்கள். அதைச் சென்னையில் உள்ள தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு உரிமப் பகுதி அலுவலகத்துக்கு அனுப்பி, இதற்கு அங்கீகாரம் தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். எழுத்துப் பதில் வரத் தாமதமானால் அந்த நாட்களில் வாடிக்கையாளர்களின் தவறிய அழைப்புகளைக் குறித்துக்கொண்டிருங்கள். பதில் கைக்கு வந்தபின் கடையைத் திறங்கள்.